ஓடைப் பாதையில் கரடி

ஜூன் 5, புதன்

காலையில் அங்கன்வாடியைத் திறக்கப் போனால் ஸ்டோர் ரூம் கதவின் கீழ்ப்பலகை பிய்ந்து கிடந்தது. உள்ளே பாமாயில் பாக்கெட்டுகள் அத்தனையும் கிழிந்து தரையெல்லாம் வழுக்கல். சத்துமாவு மூட்டையைக் கிழித்து நக்கியிருக்கிறது. முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

உதவியாளர் கிளாரா அக்கா பலகையில் இருந்த கீறல்களைத் தடவிப் பார்த்தாள். "இது பன்னி இல்ல டீச்சர். போன மாசம் கோயில்ல பூந்து வெளக்குல இருந்த எண்ணெயெல்லாம் குடிச்சிட்டுப் போச்சே, அந்தக் கரடிதான்."

தரையைச் சோப்புப் போட்டுக் கழுவவே பதினோரு மணி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு வெறும் பருப்பு சாதம்.

வீட்டில் என் வீட்டுக்காரர் தவராசாவிடம் சொன்னேன். அவருக்கு அவர் கவலை. குத்தகைத் தோட்டத்தில் பன்றி இறங்கிக் கேரட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறதாம். வேலி கட்டப் போகிறேன் என்றார்.

ஜூன் 8, சனி

இன்று நேரிலேயே பார்த்துவிட்டேன்.

பிள்ளைகள் வருவதற்கு முன் ஜன்னலைத் திறந்தபோது ஓடைக்கு அந்தப் பக்கம் பேரிக்காய் மரத்தடியில் கறுப்பாக ஏதோ அசைந்தது. முதலில் யாரோ கம்பளி போர்த்திக்கொண்டு குனிந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு அது இரண்டு காலில் எழுந்து நின்று கிளையை வளைத்தது. உடம்பு முழுக்கக் கன்னங்கறுப்புச் சடை, சீப்பையே பார்க்காத தலை மாதிரி. மூஞ்சி மட்டும் அழுக்கு வெள்ளை. நெஞ்சில் வளைந்த வெள்ளைப் பட்டை. கிளையைப் பிடித்த நகங்கள் இங்கிருந்தே தெரிந்தன, தந்த நிறத்தில், கொக்கி கொக்கியாக.

திரும்பியபோதுதான் முதுகைப் பார்த்தேன். இரண்டு குட்டிகள். சடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்று தோளருகே, ஒன்று இடுப்பருகே. பின்னால் இருந்தது முன்னால் வரப் பார்க்க, முன்னால் இருந்தது அதன் காதைக் கடித்தது. தாய் கண்டுகொள்ளவே இல்லை. சுமந்துகொண்டே ஓடையின் தட்டைப் பாறை வழியாகக் கடந்து சோலைக் காட்டுக்குள் போய்விட்டது.

கிளாரா அக்கா வந்தபோது சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன், காயவில்லை. தவராசா நாள் முழுக்கத் தோட்டத்தில். குச்சி நட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒற்றைக் கம்பி இழுத்திருக்கிறார். ஒற்றைக் கம்பிக்குப் பன்றி நிற்குமா என்று கேட்டேன். நிற்கும் என்றார்.

ஏழு மணிக்கு பல்பு மங்கியது. வோல்டேஜ் குறைவாம்.

ஜூன் 12, புதன்

வனத்துறையிலிருந்து வனவர் சுகிர்தா வந்து அங்கன்வாடியிலேயே கூட்டம் போட்டாள். சின்னப் பெண், இருபத்தைந்து இருந்தால் அதிகம். எங்கள் ஊர் பேரிமட்டத்தின் ஐம்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது.

"இது தாய்க்கரடி. டிசம்பர், ஜனவரி வாக்குல கொகைக்குள்ள குட்டி போட்டிருக்கும். பொறக்கும்போது குட்டி உள்ளங்கை அளவுதான், கண்ணே தெரியாது. மூணு வாரம் ஆகும் தெறக்க. அது வரைக்கும் தாய் எரைக்குக்கூட சரியா வெளிய வராது. இப்ப முதுகுல சுமந்துட்டுத் திரியுது. எறக்கி விட்டாலும் ரெண்டு வருஷத்துக்குமேல தாய்கூடவேதான் இருக்கும். எங்க கறையான் இருக்கு, எந்த மரத்துல தேன் இருக்குன்னு எல்லாத்தையும் தாய்கிட்டதான் கத்துக்கணும்."

குணசீலன் எழுந்தான். என்னிடம் படிக்கும் அஸ்விதாவின் அப்பா. ஊரில் எதற்கும் முதலில் எழுகிறவன். "அப்ப ரெண்டு வருஷம் நாங்க வீட்டுக்குள்ளயே பூட்டிக்கிட்டுக் கெடக்கணுமா மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அதுக்குக் கண்ணு மந்தம், காதும் சுமார். மோப்பம் மட்டும்தான். நீங்க பேசாம பக்கத்துல போயி நின்னுட்டீங்கன்னா அது பயந்துடும். பயந்தா எந்திரிச்சு மூஞ்சியிலதான் அடிக்கும். அதனால விடியக்காலையில தனியா போகாதீங்க, சத்தம் குடுத்துக்கிட்டே போங்க. கூண்டு வைக்க எழுதியிருக்கோம். இன்னொண்ணு. யாராச்சும் லைன்ல கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விட்டீங்கன்னு தெரிஞ்சா ஜாமீனே கெடைக்காது. மிருகம் செத்தாலும் சரி, மனுஷன் செத்தாலும் சரி."

டீ டம்ளர்களைச் சேகரிக்க நான் எழுந்துவிட்டேன். தவராசா தன் டம்ளரை என்னிடம் நீட்டினார். பாதி டீ அப்படியே இருந்தது.

ஜூன் 15, சனி

மழை. எடை போடும் நாள். அஸ்விதா அரைக்கிலோ கூடியிருக்கிறாள்.

மதியத்துக்குமேல் மழை விட்டதும் கரடி கறையான் புற்றை உடைப்பதைப் பார்த்தேன். நகத்தால் கொத்திக் குழி பறித்தது. முதலில் ஊதி மண்ணைப் பறக்கவிட்டது, அப்புறம் மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சியது. ஓடை இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது, கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் காற்றை இழுப்பது போல. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாதாம், உறிஞ்சுவதற்கென்றே அந்த இடைவெளி. சுகிர்தா சொன்னதுதான்.

குட்டிகள் உடைந்த புற்றில் தாயைப் போலவே ஊதிப் பார்த்தன. ஒன்றுக்கு மூக்கில் மண் ஏறித் தும்மியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஜூன் 19, புதன்

கனகு அண்ணியைக் கரடி அடித்துவிட்டது.

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களுக்கு அடுத்த வீடு. தேயிலைக் கொழுந்து பறிக்க விடியற்காலையில் ஓடைப் பாதையில் தனியாகப் போயிருக்கிறாள். சத்தம் கேட்டுக் குணசீலன்தான் முதலில் ஓடினான். தலைத் தோலும் இடது கன்னமும் ஒரே பக்கமாகத் தொங்கின. ஜீப்பில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "கண்ணு இருக்கா யோகம், கண்ணு இருக்கா பாரு" என்றாள். இருக்கிறது என்றேன். அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஊட்டி பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தவராசா கூடப் போயிருக்கிறார். அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

அண்ணியின் கூடையைக் கழுவி வெயிலில் வைத்தேன்.

ஜூன் 22, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் பிழைத்துவிட்டது. பேச முடிகிறது.

"அது மேல தப்பு இல்ல யோகம். நாந்தான் குனிஞ்ச தலையோட போனேன். குட்டி காலுக்குக் கீழ வந்து கத்துச்சு. பெத்தவ சும்மா இருப்பாளா?"

தவராசா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பஸ்ஸில் கோத்தகிரி வந்து சேர்ந்தோம். இறங்கி நடக்கும்போது கேட்டார். "நீதான் தெனமும் பாக்கறியே. ஓடைய எந்த எடத்துல தாண்டுது?"

தட்டைப் பாறை என்றேன்.

"காலையிலயா, சாயங்காலமா?"

இரண்டு வேளையும் என்றேன். கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன்.

ஜூன் 24, திங்கள்

வேலியை ஓடை வரைக்கும் நீட்டியிருக்கிறார். தோட்டத்தின் கடைசி வரப்பு அதுதான் என்கிறார். பாதையின் ஓரமாகவே கம்பி போகிறது, புல்லுக்குள்.

பிள்ளைகளை விட வந்த அம்மாக்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். யாரும் ஓடைப் பாதையில் வரக்கூடாது, ரோட்டைச் சுற்றித்தான் வரவேண்டும், கரடி இருக்கிறது என்றேன். கரடி என்றால் எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஜூன் 28, வெள்ளி

விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. மாவு ஆட்ட முடியவில்லை, உப்புமா கிளறினேன்.

அவர் விடியற்காலையில் போய்விட்டு எட்டு மணிக்கு வந்தார். முழங்கால் வரை சேறு. உள்ளங்கைகளில் கயிறு அறுத்த தடம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் லுங்கியைத் தானே துவைத்தார். துவைத்த பிறகும் அதில் ஒரு வாடை இருந்தது. தலைமுடி நெருப்பில் பட்டால் வருமே, அது. சாம்பிராணி போட்டேன்.

தோட்டத்து உரக்குழியை மூடிவிட்டாராம். மேலே முட்டைக்கோஸ் நாற்று நடப்போகிறாராம். பாதிகூட நிரம்பாத குழி அது.

ரசம் வைத்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 1, திங்கள்

பகல் முழுக்கச் சோலையிலிருந்து ஒரு அழுகை. விட்டு விட்டுக் கேட்டது. பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"யார் வீட்டுப் புள்ள இப்படி அழுவுது?" என்று கிளாரா அக்கா வாசலுக்குப் போனாள்.

ஏதாவது பறவையாக இருக்கும் என்றேன். பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லிப் பாட்டைச் சத்தமாகப் பாட வைத்தேன். மூன்று மணிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்

இன்றும்.

ஜூலை 3, புதன்

இன்று இல்லை.

ஜூலை 4, வியாழன்

வனத்துறை வைத்த கூண்டில் கரடி விழுந்துவிட்டது! மேல் ரோட்டுப் பக்கம். பலாப்பழ வாசனைக்கு வந்திருக்கிறது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. குணசீலன் பட்டாசு வெடித்தான். லாரியில் ஏற்றி முதுமலைப் பக்கம் கொண்டுபோகிறார்களாம்.

சுகிர்தா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "இது ஆண் கரடிங்க! தனியாத் திரியறது. குட்டியோட இருக்கறது இன்னும் வெளியதான் இருக்கு. ஜாக்கிரதையா இருங்க!"

யாரும் காதில் வாங்கவில்லை. அவள் என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம், "வேலியத்தான் பிரிச்சிடலாமே" என்றேன்.

"பன்னி?"

"ஓடைப் பக்கம் மட்டுமாவது."

"அந்தப் பக்கம் நீதான் யாரையும் விடறதில்லையே" என்றார்.

ஜூலை 5, வெள்ளி

அஸ்விதா கால் நனைந்து வந்தாள். பாவாடை ஓரமெல்லாம் ஒட்டுப்புல். எந்த வழியாக வந்தாய் என்றேன். "ஓடை வழியா டீச்சர். கரடிய லாரியில புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு அப்பா சொல்லிச்சு."

அவளை என் மடியில் உட்கார வைத்துக் காலைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளே காலை இழுத்துக்கொண்டாள்.

காலை பத்து மணிக்கு அங்கன்வாடி பல்பு மங்கியது. இவர் ஊட்டிக்கு அண்ணியைப் பார்க்க அதிகாலை பஸ்ஸில் போயிருக்கிறார். அவசரத்தில் எதையோ மறந்துவிட்டுப் போயிருப்பார்.

மாலையில் பிள்ளைகளைக் கூப்பிட வந்தவர்களிடம் சொன்னேன். காலையில் தாய்க்கரடியை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு குட்டியும் முதுகில் இருந்தன. தட்டைப் பாறையில் நின்று தண்ணீர் குடித்தது. ஒரு குட்டி இன்னொன்றின் காதைக் கடித்தது.

அம்மாக்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டு வழியாகப் போனார்கள். கிளாரா அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 8, திங்கள்

இன்றும் பார்த்ததாகச் சொன்னேன்.

ஸ்டோர் ரூம் கதவில் புதுக் கீறல்கள் இருப்பதையும் காட்டினேன். கிளாரா அக்கா தடவிப் பார்த்து, "இது அருவா வெட்டு மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். ஈரத்தில் மரம் அப்படித்தான் தெரியும் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

நான் நினைக்காதது நடந்துவிட்டது.

கோயில் முன்னால் ஆம்பளைகள் கூட்டம் போட்டிருக்கிறார்கள். டீச்சர் தினமும் பார்க்கிறார், வனத்துறை எதுவும் செய்யவில்லை, இனி நாமே செய்வோம் என்று குணசீலன் பேசியிருக்கிறான். நாளை மதியம் முப்பது பேர் தகரமும் தீப்பந்தமுமாக ஓடைப் பாதை வழியாக வரிசையாக இறங்கி, கரடியைக் கீழ்ச் சோலைக்கு விரட்டப் போகிறார்கள். தவராசாவும் கூட்டத்தில் இருந்தார். அவரும் தலையாட்டியிருக்கிறார். கரடி அடித்தது அவர் அக்காவை ஆயிற்றே.

கதவைச் சாத்தியதும் என் மேல் பாய்ந்தார். "நீ எதுக்குடி பாத்தேன் பாத்தேன்னு ஊரெல்லாம் சொன்ன?"

"நீங்க எதுக்குக் கழட்டல?"

"செத்தது எப்படிடி தண்ணி குடிக்க வரும்?"

அந்த வார்த்தை இந்த வீட்டில் இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்லப்பட்டது. சொன்ன பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம்.

"ஒரு குட்டியும் கூடவே போயிடுச்சு" என்றார். "அம்மா மேல ஏறிக்கிட்டே இருந்துச்சு போல. இன்னொண்ணு தள்ளி நின்னுச்சு. கல்லெடுத்து எறிஞ்சேன், போவல."

காலையில் முதல் வேலையாகப் போய்க் கழற்றிவிடுவேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

ஜூலை 12, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டது. மின்வாரிய ஆட்கள் வந்து, அவர் கொக்கி போட்ட கம்பத்துக்குப் பக்கத்துக் கம்பத்திலேயே வேலை பார்த்தார்கள். அவரால் கிட்டே போக முடியவில்லை. கரண்ட்தான் இல்லையே, மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். மூன்று மணிக்கு இறங்குவதாகத்தான் பேச்சு. மூடுபனி ஏறுவதைப் பார்த்து இரண்டு மணிக்கே குணசீலன் எல்லோரையும் கிளப்பிவிட்டான். இவரும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தகரச் சத்தம் கேட்டது. அப்போது தலைக்குமேல் பல்பு எரிந்தது. எரிந்து, உடனே மங்கியது.

கிளாரா அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர்கள் தட்டைப் பாறைக்குச் சற்று மேலே இருந்தார்கள். பனியில் பந்தங்கள் மட்டும் தெரிந்தன.

"நில்லுங்க! கம்பி இருக்கு! வேலியில கரண்ட் இருக்கு!"

தகரம் நின்றது. குணசீலன் திரும்பி, "எந்த வேலி டீச்சர்?" என்றான்.

"எங்க வேலி."

எல்லோரும் தவராசாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்த கண்ணை எடுக்கவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல" என்றார். "அக்காவ அந்தக் கோலத்துல பாத்ததுலருந்து இப்படித்தான். அது சும்மா பன்னிக்குக் கட்டுன கம்பி."

"கரடி செத்துப் போச்சு! நான் பாத்தேன்னு சொன்னதெல்லாம் பொய்!"

யாரோ சிரித்தார்கள். குணசீலன் இரக்கமாக, சின்னப் பிள்ளையிடம் பேசுவது போல, "காலையில பாத்தேங்கறீங்க, மத்தியானம் செத்துப் போச்சுங்கறீங்க. பயப்படாதீங்க டீச்சர். சும்மா கம்பிதான். தொட்டுக் காட்டவா?" என்றான். பந்தத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு புல்லை விலக்கிக் குனிந்தான்.

"தொடாதடா!"

அப்படி ஒரு குரல் அவருக்கு இருந்தது எனக்கே தெரியாது. ஓடிப்போய்க் குணசீலனை இடுப்போடு சேர்த்துப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் சேற்றில் மல்லாக்க விழுந்தார்கள். பந்தம் ஓடையில் விழுந்து அணைந்தது.

 குணசீலன் எழுந்து கையைத் துடைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"இந்த வழியாத்தானேண்ணே எம்புள்ள வந்துச்சு?"

அவர் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 13, சனி

வனத்துறை, போலீஸ், மாட்டு டாக்டர் எல்லோரும் வந்தார்கள். கம்பியைச் சுருட்டி ஜீப்பில் போட்டார்கள். முட்டைக்கோஸ் நாற்றுகளைப் பிடுங்கிவிட்டு உரக்குழியைத் தோண்டினார்கள். நான் வீட்டு வாசலிலேயே நின்றேன். காற்று இந்தப் பக்கம் அடித்தது.

தாயும் ஒரு குட்டியும். நெஞ்சுப் பட்டையை வைத்து சுகிர்தா அடையாளம் சொன்னாளாம். இன்னொரு குட்டியைத் தேடி இரண்டு பேர் சோலைக்குள் போனார்கள், வெறுங்கையோடு வந்தார்கள்.

மதியம் சுகிர்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தவராசாவைக் கையைப் பிடித்து வாசலில் ஜீப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"வேலியில கரண்ட் இருக்குன்னு உங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும் டீச்சர்?"

"நேத்துதான்" என்றேன். "நேத்துக் காலையிலதான் சொன்னாரு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப தாய்க்கரடியப் பாத்தேன் பாத்தேன்னு எதுக்குச் சொல்லிட்டு இருந்தீங்க?"

 ஜீப் பக்கத்திலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்தார். நேற்று ஓடைப் பாதையில் நான் அவரைப் பார்த்தேனே, அப்படி.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார். "நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு."

சுகிர்தா அதற்குமேல் கேட்கவில்லை. ஜீப் போய்விட்டது. அவர் ஸ்வெட்டர் போட்டிருக்கவில்லை.

சாயங்காலம் கிளாரா அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கையை நீட்டினாள்.

"அங்கன்வாடிச் சாவியக் குடுங்க டீச்சர். திங்கக்கெழம நான் தெறந்துக்கறேன்."

 கொடுத்துவிட்டேன்.